பழகாத கவசம்: இளம் பட்டதாரிகளின் டிஜிட்டல் திறனும் தன்னம்பிக்கையும்

முன்னுரை

பட்டப்படிப்பை முடித்து வேலை தேடும் வாலிபர் பலர் நம் ஆயர் இல்லங்களுக்கு வருகின்றனர். நேர்முகத் தேர்வுக்கு முன் ஜெபிக்குமாறு சிலர் கேட்கின்றனர். நற்சான்றிதழ் வேண்டிச் சிலர் வருகின்றனர். வேறு சிலர் எதுவும் கேளாது சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுச் செல்கின்றனர். இவர்களோடு பொறுமையாக உரையாடும் ஆயர், ஒரே அச்சம் பல வாய்களிலிருந்து வெளிப்படுவதைக் கேட்பார். பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், அலுவலகக் கணிப்பொறியின் முன் அமர்ந்து கொடுத்த வேலையைச் செய்து முடிக்கத் தம்மால் இயலுமோ என்னும் ஐயமே அது.

இவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் இரண்டு. அஞ்சாதே, ஆண்டவர் உடனிருப்பார் என்பது ஒன்று. ஏதேனும் ஒரு கணிப்பொறி வகுப்பில் சேர்ந்துகொள் என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல உள்ளத்தோடு கூறப்படுவனவே. ஆயினும், முன்னது திறனைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. பின்னது அச்சத்தைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. திறனும் தன்னம்பிக்கையும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து வளர்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால், நம் ஆலோசனையும் ஊழியமும் இன்னும் பயனுள்ளவை ஆகும். அவ்விளக்கத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இன்றைய நிலை

உயர்கல்வியில் தமிழ்நாடு நெடுந்தொலைவு முன்னேறியுள்ளது. 2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதினரை ஒப்பிட்டுக் கணிக்கப்படும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் அது 47 ஆக இருந்தது. இவ்வெண்ணின் உட்பொருள் யாது? பெற்றோரோ பாட்டன் பாட்டியோ கல்லூரி வாசலை மிதித்திராத இல்லங்களிலிருந்து பெருந்தொகையான பிள்ளைகள் பட்டதாரிகள் ஆகின்றனர் என்பதே. நம் கிராமச் சபைகளில் இதனைக் கண்கூடாகக் காண்கிறோம். வருவாய்த் துறையிடம் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர் உளர்.

ஆனால் கல்லூரிக்குச் சென்ற பிள்ளையின் வீட்டிற்குக் கணிப்பொறியும் சென்றதா? 2017-18 இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75 ஆம் சுற்று, இந்தியக் குடும்பங்களில் 10.7 விழுக்காட்டினரிடமே கணிப்பொறி இருந்ததாகக் காட்டிற்று. நகர்ப்புறத்தில் அது 23.4 விழுக்காடு; நாட்டுப்புறத்தில் 4.4 விழுக்காடு மட்டுமே. அதன் பின்னர் கொள்ளைநோய்க் காலத்தில் கைப்பேசி வீடுதோறும் புகுந்தது. 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளையோரை ஆராய்ந்த 2023 ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கை, ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீட்டில் திறன்பேசி இருப்பதாகவும் அதனைக் கையாள அவர்கள் அறிவர் என்றும் கூறுகிறது. அதே அறிக்கை மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவருள் அதனைத் தமக்கெனச் சொந்தமாக வைத்திருந்தோர் ஆண்களில் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8 விழுக்காடு மட்டுமே. தமையனிடமோ தந்தையிடமோ கேட்டு வாங்கிச் சிறிது நேரம் பயன்படுத்தித் திருப்பித் தரவேண்டிய கருவியில் ஒரு பெண் எவ்வளவு பழக முடியும்?

அரசு இக்குறையை அறியாமல் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல இலட்சம் மாணவரின் கைகளில் முதன்முதலாக ஒரு கணிப்பொறியைத் தந்தது. 2022 மார்ச்சு 1 அன்று 'நான் முதல்வன்' என்னும் திறன் வளர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இவை போற்றத்தக்க முயற்சிகள். எனினும் கருவி கைக்கு வந்த பின்னரும் அச்சம் நீங்காதவர் இருக்கின்றனர். ஆகவே நாம் இன்னும் சற்று ஆழமாக நோக்க வேண்டியுள்ளது.

2. கைப்பேசியும் அலுவலக மேசையும்

இக்கால இளைஞர் பிறப்பிலேயே இத்துறையில் வல்லவர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. மார்க் பிரென்ஸ்கி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2001 ஆம் ஆண்டில், டிஜிட்டல் உலகில் பிறந்து வளர்ந்தோரை அவ்வுலகின் பூர்விகக் குடிகள் என்றும், முதியோரைக் குடியேறியவர் என்றும் வருணித்தார். உவமை எளிதாயிருந்ததால் எங்கும் பரவிற்று. ஆனால் ஆய்வுகள் அதற்குத் துணைநிற்கவில்லை. எஸ்தர் ஹார்கிட்டாய் என்னும் சமூகவியலார் 2002 ஆம் ஆண்டிலேயே, கருவி உடையோர் இல்லாதோர் என்னும் பிளவுக்கு அப்பால், கருவியைப் பயனுறக் கையாள வல்லார் வல்லாதார் என்னும் இரண்டாம் நிலைப் பிளவு உண்டு எனச் சுட்டினார். பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவரை 2018 இல் சோதித்த பன்னாட்டு ஆய்வொன்று, டிஜிட்டல் கருவிகளோடு வளர்வதனால் மட்டுமே மாணவர் உயர்ந்த திறன்களைப் பெற்றுவிடுவதில்லை என்னும் முடிவுக்கு வந்தது. அந்நாடுகளுள் பெரும்பாலானவை செல்வம் மிக்கவை என்பது கருதத்தக்கது.

கைப்பேசிப் பழக்கம் அலுவலகப் பழக்கமாக மாறாததற்குக் காரணம் வெளிப்படை. கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்க்கிறோம், விரலால் தள்ளுகிறோம், மற்றொருவருக்கு அனுப்புகிறோம். அப்படம் எங்கே சேமிக்கப்பட்டுள்ளது, அதன் பெயர் என்ன என்று அறியவேண்டிய தேவை எழுவதில்லை. அலுவலகத்திலோ முதற்பணியே கோப்புக்குப் பெயரிட்டு, உரிய உறையில் வைத்து, ஆறு மாதத்திற்குப் பின் கேட்டாலும் எடுத்துத் தருவதாகும். கைப்பேசியில் இரு கட்டைவிரல்கள் போதும். அலுவலகத்தில் பத்து விரல்களும் வேலை செய்யவேண்டும். கைப்பேசியில் நண்பனுக்கு அரைச் சொற்றொடரில் செய்தி அனுப்பலாம். அலுவலக மின்னஞ்சலுக்குப் பொருள் வரி, விளிப்பு, இணைப்பு, கையொப்பம் என்று ஒரு மரபு உண்டு. எக்செல் போன்ற அட்டவணையில் நூறு வரிகளைக் கூட்டிக் கணக்கெடுக்கும் சூத்திரத்தைக் கைப்பேசி எவருக்கும் கற்றுத் தருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் வகுத்து, பின்னர் திருத்தி வெளியிட்டு வரும் 'டிஜ்காம்ப்' என்னும் திறன் வரையறை, இத்திறனை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கிறது. தகவலைத் தேடி அதன் மெய்ம்மையை எடைபோடுதல், பிறரோடு தொடர்புகொண்டு இணைந்து பணியாற்றுதல், புதியதொன்றை உருவாக்குதல், தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளுதல், சிக்கல் எழும்போது வழிகாணுதல் என்பன அவை. இவ்வைந்தையும் நோக்கும்போது, நம் வாலிபர் இரண்டாவது பகுதியில் மட்டும் ஓரளவு பழகியிருக்கின்றனர் எனலாம். மற்ற நான்கிலும் அவர்களுக்கு வழிகாட்டியவர் மிகச் சிலரே.

இங்கு மொழியையும் மறத்தலாகாது. திரையில் தோன்றும் கட்டளைகளும் பிழைச் செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் பயின்ற பட்டதாரி கணிப்பொறிக்கு அஞ்சுவதாக நாம் எண்ணும்போது, உண்மையில் அவர் அந்த ஆங்கிலச் சொற்றொடருக்கே அஞ்சுகிறார். யோர்தான் துறைகளில் ஒரு சொல்லின் உச்சரிப்பைக் கொண்டு மனிதரை இனம்பிரித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம் (நியா. 12:5,6). ஆற்றலைச் சோதிப்பதற்குப் பதிலாக நாவின் பழக்கத்தைச் சோதிக்கும் துறைகள் இக்காலத்திலும் உண்டு.

3. தன்னம்பிக்கை எங்ஙனம் பிறக்கிறது?

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலார் ஆல்பர்ட் பண்டுரா 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது. பொதுவாக நான் வல்லவன் என்று எண்ணும் மனநிலையைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு குறிப்பிட்ட செயலை என்னால் செய்ய இயலும் என்னும் நம்பிக்கையைப் பற்றியே அவர் பேசினார். அந்நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது என்பது அவர் கருத்து. முதலாவது, அச்செயலைத் தானே செய்து முடித்த அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் அதனைச் செய்வதைக் காணுதல். மூன்றாவது, பிறர் கூறும் ஊக்கச்சொல். நான்காவது, அச்செயலைச் செய்யும்போது தன் உடலிலும் உள்ளத்திலும் எழும் நடுக்கத்தையோ அமைதியையோ ஒருவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது. இந்நான்கனுள் முதலாவதே மிகுந்த வலிமையுடையது.

நாம் ஊழியத்தில் பெரும்பாலும் மூன்றாவது ஊற்றையே பயன்படுத்துகிறோம். ஊக்கச்சொல் தேவையே, ஆயினும் அதன் பின்னே செய்துபார்த்த அனுபவம் இல்லையெனில், முதல் தோல்வியிலேயே அது கரைந்துவிடும். ஊக்கமொழி கேட்டுச் சென்று தோற்றுத் திரும்பும் வாலிபனுக்கு முன்பிருந்த அச்சத்தோடு, தனக்கு விசுவாசம் போதவில்லை என்னும் குற்றவுணர்வும் சேர்ந்துவிடுகிறது. ஆயர்கள் மிகவும் கருத்தூன்றவேண்டிய இடம் இதுவே.

பண்டுரா கூறியதை நம்மவர் ஒரு தலைமுறைக்கு முன்னரே நடைமுறையில் அறிந்திருந்தனர். சிற்றூர்களின் கடைத்தெருக்களில் மாடியறைகளில் இயங்கிய தட்டச்சுப் பயிற்சி நிலையங்களை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்தோர் நாள்தோறும் ஒரு மணி நேரம் அங்குச் சென்றனர். முதல் வாரங்களில் இடக்கை நான்கு எழுத்துகள், வலக்கை நான்கு எழுத்துகள், பின்னர்ச் சொற்கள், பின்னர் வாக்கியங்கள், அதன்பின் வேகம், இறுதியில் அரசுத் தேர்வு. தவறு செய்தால் ஒரு தாள் வீணாயிற்று, அவ்வளவே. பக்கத்து இயந்திரத்தில் அமர்ந்திருந்தவரும் அதே தவற்றைச் செய்துகொண்டிருந்தார். எனவே எவரும் நாணவில்லை. சிறு படிகள், நாள்தோறும் பயிற்சி, ஒத்த நிலையிலுள்ள தோழர், தவற்றுக்கு இடம் ஆகிய நான்கும் அந்த எளிய அறையில் ஒருங்கே அமைந்திருந்தன. அங்குப் பயின்று வெளிவந்தவரின் விரல்களில் திறன் இருந்தது. நடையில் நிமிர்வும் இருந்தது.

இன்று அந்நிலையங்களுள் பல மறைந்துவிட்டன. எஞ்சியவை கணிப்பொறிப் பயிற்சியையும் சேர்த்து நடத்துகின்றன. மறைந்தவற்றின் இடத்தை முழுவதுமாக நிரப்பியது எதுவும் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் வாரத்திற்கு ஒரு முறை, ஒரு கணிப்பொறிக்கு முன் இருவர் மூவர் அமர்கின்றனர். துணிந்தவன் விசைகளைத் தட்டுகிறான். கூச்சமுடையவள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். தேர்வில் இருவரும் தேறுகின்றனர். வேலைக்குச் சென்ற முதல் நாளில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது.

4. மிகையான நம்பிக்கையும் ஆபத்தே

நம்பிக்கைக் குறைவு ஒருபுறமிருக்க, அறியாமையிற் பிறக்கும் மிகையான நம்பிக்கையும் உண்டு. கைப்பேசியில் வரும் வேலை அறிவிப்பை ஆராயாமல் நம்பி, பதிவுக் கட்டணம் என்று பணம் செலுத்தி ஏமாறுவோர் பலர். இதனினும் கொடியது ஒன்று நடந்தது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை அலுவலர் பணி என்று ஆசை காட்டி, கணிப்பொறி அறிந்த இந்திய இளைஞரை மியன்மாருக்குக் கடத்திச் சென்று, அங்கே இணைய மோசடிகளைச் செய்யுமாறு வற்புறுத்திய கும்பல்களைப் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை விடுத்தது. மீட்கப்பட்டு அவ்வாண்டு அக்டோபரில் திரும்பியோருள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். தகவலின் மெய்ம்மையை எடைபோடும் திறன் பிழைப்புக்கு மட்டுமன்றி உயிர்க்கும் உரியது என்பதை இது காட்டுகிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் மற்றொரு சோதனை எழுந்துள்ளது. விண்ணப்பக் கடிதத்தையும் திட்டக் கட்டுரையையும் செயற்கை அறிவுக் கருவி நொடியில் எழுதித் தருகிறது. அதனை அறிந்து பயன்படுத்துதல் இன்று ஒரு வேலைத் திறனே. ஆயினும் தான் எழுதாத, தனக்கே விளங்காத கடிதத்தோடு நேர்முகத் தேர்வுக்குச் செல்பவன் இரவல் அணியோடு திருமணத்திற்குச் செல்பவனைப் போன்றவன். எவரேனும் உற்றுநோக்கினால் நடுங்குவான். கருவி எழுதியதைத் தன் அறிவால் சோதித்துத் திருத்த வல்லவனுக்கே அது துணையாகும். அருளுரை ஆயத்தம் செய்யும் இறையியல் மாணவருக்கும் இது பொருந்தும் என்பதைக் கூறாமல் விடுவதற்கில்லை.

5. திருமறையின் ஒளியில்

தன்னம்பிக்கை என்னும் சொல்லையே ஐயத்தோடு நோக்கும் விசுவாசிகள் நம் சபைகளில் உளர். மனிதனைச் சார்ந்திருப்பவனைப் பற்றிய எரேமியாவின் கடுமொழியை அவர்கள் நினைவூட்டுவர் (எரே. 17:5). எங்கள் தகுதி கடவுளால் உண்டானது என்று பவுலும் எழுதுகிறார் (2 கொரி. 3:5). அப்படியாயின் தன்னம்பிக்கையை வளர்ப்பது திருச்சபையின் வேலையாகுமா?

தாவீதின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது (1 சாமு. 17). பெலிஸ்தனை எதிர்க்கச் செல்லுமுன் தாவீது சவுலிடம் கூறியது யாது? ஆடு மேய்க்கையில் சிங்கத்தையும் கரடியையும் எதிர்த்து வென்றதைக் கூறினான். அவ்வேளைகளில் தன்னை விடுவித்தவர் ஆண்டவரே என்றும் அறிக்கையிட்டான். செய்து முடித்த அனுபவமும் இறைநம்பிக்கையும் அவன் வாயில் ஒரே கூற்றாக வருகின்றன. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. அனுபவத்தை நன்றியோடு நினைவுகூர்வதே அவனுடைய துணிவு.

அடுத்து நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. சவுல் தன் சொந்தக் கவசத்தையே அவனுக்கு அணிவிக்கிறான். தாவீது நடந்து பார்க்கிறான். பின்னர்த் தனக்கு அதில் பழக்கம் இல்லை என்று கழற்றிவிடுகிறான். கவசம் குறையுடையது என்று அவன் கூறவில்லை. தான் கோழை என்றும் கூறவில்லை. பழகவில்லை என்றே கூறினான். நம் வாலிபர் பலரின் நிலை இதுவே. அவர்களிடம் அறிவு குறைவில்லை; விசுவாசமும் குறைவில்லை; பழக்கமே இல்லை. பழகாத கவசத்தை அணிவித்து, நட என்று கட்டளையிட்டு, தடுமாறினால் பழிப்பது சவுலும் செய்யாத செயல். கவணையும் கூழாங்கற்களையும் எடுத்துச் செல்லும் வாய்ப்பு தாவீதுக்கு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே போர்க்களத்திற்குச் செல்லுமுன்பே அவர்கள் கவசத்தை அணிந்து நடந்து பழகவேண்டும். அதே தாவீது பிற்காலத்தில் கோலியாத்தின் பட்டயத்தையே கேட்டு வாங்கிக்கொண்டான் என்பதையும் நினைவிற் கொள்வோம் (1 சாமு. 21:9). இன்று பழகாத ஆயுதம் என்றும் பழகாததாகவே இராது.

தானியேலும் தோழர் மூவரும் அந்நியப் பேரரசின் பணிக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இளைஞர் (தானி. 1). கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் அவர்கள் மூன்றாண்டு கற்கவேண்டியிருந்தது. அதனை அவர்கள் மறுக்கவில்லை, கற்றுத் தேறினர், அவ்வறிவைக் கடவுளே அருளினார் என்று நூல் கூறுகிறது (1:17). அதே வேளையில் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்னும் எல்லையையும் வகுத்துக்கொண்டனர். தங்கள் தீர்மானத்தை நிலைநாட்ட ஆரவாரம் செய்யாது பத்து நாள் சோதித்துப் பார்க்குமாறு பணிவோடு கேட்டனர் (1:12). தனித்து நில்லாமல் நால்வராக நின்றனர். புதிய எழுத்தைக் கற்றல், எல்லையை அறிதல், சிறு சோதனை, தோழமை ஆகிய இந்நான்கும் இன்று பணியில் சேரும் பட்டதாரிக்கும் தேவையானவை.

இறுதியாக பெசலெயேலைக் காண்போம். பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் கைத்திறனைத் திருமறை கடவுளுடைய ஆவியின் கொடை என்று உரைக்கிறது (யாத். 31:1-5). அவனுக்கும் அகோலியாபுக்கும் பிறருக்குக் கற்பிக்கும் மனமும் அருளப்பட்டது (யாத். 35:34). தனக்கு வந்த திறனைப் பிறருக்குக் கையளிப்பதும் அக்கொடையின் ஒரு பகுதியே.

6. சபைகள் செய்யத்தக்கவை

தொழில் கற்பித்தல் தமிழ்த் திருச்சபைக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் 1713 இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சுப்பணி தொடங்கியபோது, அக்காலத்தின் புதுமையான கருவியை நம் மண்ணில் பழக்கிய பெருமை திருச்சபைக்கு உரியதாயிற்று. 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறிற்று. நாசரேத்தில் கனோன் மர்காஷிஸ் 1878 இல் கைத்தொழிற் பள்ளியைத் தோற்றுவித்தார். அவ்வழியில் இன்றைய சபைகள் எளிதில் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

(அ) வாரத்தில் ஒரு மாலை சபை மன்றத்தையோ ஞாயிறு பள்ளி அறையையோ திறந்துவைக்கலாம். பயன்படுத்திய கணிப்பொறிகள் மூன்று இருந்தால் போதும். நான்கைந்து பேருக்கு ஒருவர் என்னும் அளவில், அலுவலகங்களில் பணிபுரியும் சபையார் துணைபுரியலாம். விரிவுரை வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் தம் கையால் செய்யவேண்டும். கற்பிப்பவர் கற்பவரின் கையிலிருந்து விசைப்பலகையைப் பறித்துத் தாமே செய்துகாட்டுதல் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம்.

(ஆ) பயிற்சி மெய்யான வேலையை ஒத்திருக்கவேண்டும். ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து, கோப்புக்குப் பெயரிட்டு, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புதல். ஐம்பது பெயர் கொண்ட சந்தாப் பட்டியலை அட்டவணையாக்கிக் கூட்டுதல். சான்றிதழ்களைக் குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கி இணையப் படிவத்தில் ஏற்றுதல். காணொளி நேர்முகத்தில் அமர்ந்து பேசிப் பழகுதல் ஆகியவற்றைக் கொடுக்கலாம். பட்டியலுக்குக் கற்பனைப் பெயர்களையே தரவேண்டும். சபையாரின் மெய்யான விவரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாகாது. பிறர் விவரத்தைக் காப்பதும் அலுவலகத் திறனே என்பதை அவர்கள் அங்கேயே கற்பர்.

(இ) தமிழில் கற்பித்து, ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யலாம். 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் தமிழ்த் தட்டச்சையும் பழக்கினால், அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வேலை தேடுவோர்க்கு அது தனிப்பயன் தரும். தாய்மொழியில் ஒரு பக்கத்தைப் பிழையின்றித் தட்டச்சு செய்தவருக்கு அடுத்த படி எளிதாகும்.

(ஈ) பெண்கள் தயக்கமின்றி வந்து செல்லத்தக்க நேரத்தை அமைத்து, பெண் ஒருவரையே பயிற்றுநராக வைத்தல் நலம். தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைக் காணுதல் எவ்வளவு வலிமையுடையது என்பதை மேலே கண்டோம்.

(உ) வேலை அறிவிப்புகளைச் சோதிக்கும் பழக்கத்தை ஊட்டவேண்டும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்டால் ஐயுறுதல், வெளிநாட்டு வேலையெனில் முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்த்தல், சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லாதிருத்தல், பணமோசடி நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் ஆகியவற்றை ஒவ்வொரு வாலிபர் சங்கமும் கற்பிக்கலாம். ஏமாந்தவர் வெட்கத்தால் மறைக்காமல் ஆயரிடம் வந்து கூறத்தக்க சூழலும் வேண்டும்.

(ஊ) கற்றவர் அடுத்து வருவோர்க்குக் கற்பிக்கட்டும். மூன்று மாதம் பயின்றவர் நான்காம் மாதத்தில் ஒருவருக்குத் துணையிருப்பாராயின் பெசலெயேலின் மரபு தொடரும். கற்பிக்கும்போதே தன் திறனைத் தான் அறிந்துகொள்வதும் நிகழும்.

7. ஆயரின் சொல்

இவற்றையெல்லாம் செய்தபின்னும் ஒன்றை மறத்தலாகாது. திறன் வேலையை உண்டாக்குவதில்லை. படித்தோரிடையே வேலையின்மைக்குப் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. சாதியும் பாலும் ஊரும் இன்னும் பல கதவுகளைக் காக்கின்றன. எனவே வேலை கிடைக்காத வாலிபனிடம், நீ இன்னும் கற்றிருக்கவேண்டும் என்று பழியை அவன்மேல் சுமத்துவது நீதியன்று. ஆராதனை முடிந்து வாயிலில் பலர் கேட்க, வேலை கிடைத்ததா என்று வினவுவதைத் தவிர்ப்பதும் ஓர் ஆயர் பணியே.

ஜெபமும் ஊக்கச்சொல்லும் இப்பின்னணியில் தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன. செய்துபார்த்த ஒன்றைச் சுட்டி, போன வாரம் உன் கையாலேயே இதை முடித்தாயே என்று கூறும் ஆயரின் சொல் வெறும் ஆறுதலாக நில்லாது, அது சான்றாகிறது. நேர்முகத் தேர்வுக்கு முன் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் ஆயர், அதற்கு முந்தைய மாலைகளில் அவ்வாலிபனின் அருகே நாற்காலியிட்டு அமர்ந்தவராகவும் இருந்தால், அந்த ஜெபத்தின் பொருள் அவனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இறையியற் கல்லூரி மாணவர்கள் இதனைத் தங்கள் வார இறுதிச் சபைப்பணியிலேயே தொடங்கலாம். பெருந்திட்டம் தேவையில்லை. சபையில் அண்மையில் பட்டம் பெற்றோர் யாவர், அவர்களுள் தனக்கெனக் கணிப்பொறி உடையோர் எத்தனை பேர், மின்னஞ்சலில் ஒரு கடிதத்தை இணைத்துத் தாமே அனுப்பியிருப்போர் எத்தனை பேர் என்று வீடு சந்திப்பின்போது கேட்டறிந்தால், செய்யவேண்டிய வேலையின் அளவு தெரியவரும். அதன்பின் ஒரு மேசையும், ஒரு கணிப்பொறியும், அவசரப்படாத ஒரு துணையும் இருந்தால் பணியைத் தொடங்கிவிடலாம்.